முப்பத்தைந்து மதிப்பெண்

காப்பியின் தரத்தை நாவால் அளந்து சொல்லும் தொழிலில் முப்பத்தோர் ஆண்டுகளைப் பெங்களூரில் கழித்தோம். வறுத்து அரைத்த தூளைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் பொறுத்து, மேலே மிதக்கும் ஏட்டைக் கரண்டியால் விலக்கி, எழும் மணத்தை முகர்ந்து, ஒரு கரண்டி உறிஞ்சி, உடனே உமிழ்ந்துவிடுவது அத்தொழிலின் முறை. ஓய்வு பெற்ற பின் இந்த நாவுக்கு இனி வேலையில்லை என்றே எண்ணியிருந்தோம். சென்ற திங்கள் ஒரு வேலை வந்தது. வந்த வேலை காப்பியைப் பற்றியதன்று, பியரைப் பற்றியது.

வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டா. மதுவை இதுகாறும் தீண்டாதவர் நாம். நம் குடும்பம் தருமபுரிப் பக்கத்தது. பழைய தகடூர் அதுவே. அதியமான் ஔவையாரோடு கள்ளைப் பகிர்ந்துண்டதாகப் புறநானூறு சொல்லும் ஊரும் அதுவே. அதே மண், சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தபோது, 1937ஆம் ஆண்டில் இராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த மதுவிலக்கை இந்நாட்டின் பல பகுதிகளுக்கு முன்னரே கண்டது. நம் பாட்டியார் அந்த நாளைத் தீபாவளிக்கு ஒப்பாகச் சொல்லுவார். அவர் சொன்னதன் பொருள் நமக்கு விளங்கியது பிற்காலத்தில்தான்.

நம் தங்கையை இந்நகரில் அல்சூரில் ஓர் ஆலைத் தொழிலாளிக்கு மணம் செய்து கொடுத்தோம். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் மாலை ஆனால் சாராயக் கடை அவரை அழைத்துவிடும். பாக்கெட்டில் அடைத்து விற்ற அந்தச் சாராயத்தைக் கருநாடக அரசு 2007ஆம் ஆண்டில் தடை செய்தது. நம் மைத்துனருக்கு அத்தடை உதவவில்லை. அவர் 1994ஆம் ஆண்டிலேயே ஈரல் கெட்டு மாண்டார். அப்போது மகனுக்கு ஆறு வயது. தங்கை விடியற்காலையில் இட்டிலி அவித்து விற்று, பகலில் துணி தைத்து, அவனை வேதியியலில் பட்டம் பெறச் செய்தாள்.

அந்த மகன் கற்ற வேதியியலைக் கொண்டு போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமோ? இந்திராநகரில் உள்ள ஒரு சிறு பியர் வடிசாலை! 2010ஆம் ஆண்டையொட்டி இந்நகரில் முளைக்கத் தொடங்கி, இன்று பெருகிவிட்ட கடைகளுள் ஒன்று அது. அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறுவர். செய்தி அறிந்த நாள் முதல் தங்கை அவன் கொடுக்கும் பணத்தைத் தொடுவதில்லை. ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு அருகிவிட்டது.

சென்ற திங்கள் அவள் நம்மிடம் வந்து, "அண்ணா, நீங்கள் வாயில் வைத்தால் எதுவும் மறையாது. ஒரு முறை போய்ப் பாருங்கள். அவன் அப்பா குடித்ததும் இவன் காய்ச்சுவதும் ஒன்றுதானா? அவனும் குடிக்கிறானா? இரண்டையும் பொய்யில்லாமல் சொல்லுங்கள்" என்றாள். மறுக்கும் வகையறியாது இசைந்தோம்.

அல்சூர் ஏரிக்கரை வழியே மெட்ரோ நிலையத்திற்கு நடந்தோம். 2009ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை அங்கே நிற்கிறது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியவர் அவர். அதை அறத்துப்பாலில் வையாது, பொருட்பாலில், சூதுக்கு முந்திய அதிகாரமாக வைத்ததன் நுட்பம் அன்று நமக்குப் புலப்பட்டது. குடி முதலில் அழிப்பது வீட்டின் பொருளை அல்லவா? தங்கையின் தையல் இயந்திரம் இருமுறை அடகுக் கடைக்குப் போனதை நாம் அறிவோம்.

பெங்களூருக்கும் பியருக்கும் உள்ள உறவு புதியதன்று. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தனர். சிப்பாய்களாகவும் கூலிகளாகவும் சமையற்காரர்களாகவும் வணிகர்களாகவும் நம்மவர் பலர் வந்து குடியேறியது அத்தண்டினாலேயே. வெள்ளைச் சிப்பாய்களின் தாகத்தை நம்பி வடிசாலைகள் எழுந்தன. தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915ஆம் ஆண்டில் தென்னாட்டு வடிசாலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உண்டாக்கினார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் அது விட்டல் மல்லையாவின் கைக்கு வந்தது. அதன் பழைய வடிசாலை இருந்த நிலத்தில்தான் இன்று யூபி சிட்டி என்னும் மாளிகை நிற்கிறது. ஆகவே நம் மருமகன் செய்வது, நம்மவர் இவ்வூருக்கு வந்த காலத்துத் தொழில்களுள் ஒன்றே. ஆனால் தொழில் பழையது என்பது மட்டும் தங்கைக்கு விடையாகாது.

மருமகன் வாயிலில் காத்திருந்தான். "வாங்க மாமா" என்று கைபிடித்து அழைத்துச் சென்றான். உள்ளே ஆளுயரத் துருப்பிடிக்கா எஃகுத் தொட்டிகள். தரை கழுவி ஈரமாக இருந்தது. நெடி ஏதும் இல்லை. கேழ்வரகை முளைகட்டி வறுக்கும் மணமே வந்தது. அவன் விளக்கினான்: வாற்கோதுமையை ஊறவைத்து முளைக்கச் செய்து உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி, அறுபத்தைந்து பாகை செல்சியசுக்குச் சற்று மேலான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மாவுப்பொருள் சர்க்கரையாகிறது. அச்சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்காய்களை இட்டுக் கொதிக்கவைத்தால் கசப்பும் மணமும் ஏறும். ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் மற்ற வேலையை அது பார்த்துக்கொள்கிறது. லாகர் என்னும் வகைக்குக் குளிர் மிகுதியாக வேண்டும். ஏல் வகை பதினெட்டு, இருபது பாகையிலேயே புளிக்கும்.

அவன் நமக்கெனத் தேர்ந்தது அம்பர் ஏல். அம்பர் என்பது மரப்பிசின் ஊழிக்காலம் மண்ணில் கிடந்து இறுகிய பொருள்; தேனும் செம்பும் கலந்த அதன் நிறமே இதற்கும். முளைத்த தானியத்தை ஈரத்தோடு சூடாக்கி, உமிக்குள்ளேயே சர்க்கரை உண்டாகும்படி செய்து வறுத்த மால்ட்டைச் சேர்ப்பதால் அந்நிறம் வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1980களில் சிறு வடிசாலைக்காரர்கள் வளர்த்தெடுத்த வகை இது. சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருக்கும்.

மதிப்பிடும் படிவம் ஒன்றும் கொடுத்தான். அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு தோன்றிய பியர் நடுவர் அமைப்பின் முறை அது. மொத்தம் ஐம்பது மதிப்பெண்: மணத்திற்குப் பன்னிரண்டு, தோற்றத்திற்கு மூன்று, சுவைக்கு இருபது, வாயில் உணரும் தன்மைக்கு ஐந்து, மொத்தப் பாங்கிற்குப் பத்து. தோற்றத்திற்கு மூன்றே என்பதைக் கண்டு மகிழ்ந்தோம். காப்பியிலும் கொட்டையின் அழகைக் கண்டு ஏமாந்தவர் பலர்.

குவளை மிகக் குளிர்ந்திருந்தது. குளிர் மணத்தை அமுக்கும் என்பதால் இரு கைகளாலும் அணைத்துச் சூடேற்றி முகர்ந்தோம். காய்ச்சிய வெல்லப்பாகு, வறுத்த ரொட்டி, பின்னே நாரத்தைத் தோல். உறிஞ்சினோம், பழக்கம் காரணமாக உமிழப் பாத்திரம் தேடினோம். மருமகன் தயங்கி, "மாமா, காப்பி போல இல்லை. தொண்டையில் இறங்கினால்தான் கசப்பின் பின்சுவை தெரியும். உங்களுக்கு மனமில்லையென்றால் உமிழ்ந்துவிடுங்கள், அதுவரைக்கும் சொல்லுங்கள் போதும்" என்றான்.

அறுபத்தெட்டு ஆண்டுகள் காத்த ஒன்றை ஒரு கணத்தில் விடுவதா? ஆயினும் அரைகுறையாகச் சுவைத்துத் தங்கையிடம் தீர்ப்புச் சொல்வது பொய்ச்சான்று ஆகாதோ? ஒரே ஒரு மிடறு விழுங்கினோம். இனிப்பு முன்னே சென்றது. கசப்பு பின்னே வந்து அதைத் திருத்தியது. இறுதியில் மட்டும், நாவின் மேல் உருக்கிய வெண்ணெயின் சாயல் ஒன்று தங்கியது.

"வெண்ணெய் மணம் வருகிறதே, என்னப்பா?" என்றோம்.

அவன் முகம் சிவந்தது. "வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை மாமா. புளிக்கும்போது ஈஸ்ட் அந்தப் பொருளை விடும். இரண்டு நாள் பொறுத்தால் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். வார இறுதிக் கூட்டத்திற்காக அவசரப்பட்டுக் குளிர்வித்துவிட்டோம்" என்றான்.

குறையை ஒப்புக்கொண்ட அந்த நொடியில் அவன்மேல் நமக்கு மதிப்புப் பிறந்தது. ஆகவே இரண்டாம் கேள்வியை நேராகவே கேட்டோம்: "நீ குடிக்கிறாயா?"

"ஒவ்வொரு தொட்டியிலும் தினம் ஒரு வாய், ருசிக்காக. வேலை முடிந்தபின் இல்லை. அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை மாமா. அந்த நெடி மட்டும் நினைவிருக்கிறது."

முப்பத்தைந்து மதிப்பெண் இட்டோம். அப்படிவத்தின்படி அது 'மிக நன்று' என்னும் நிலை. மீதமிருந்த குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தோம்.

தங்கை வாசலிலேயே இருந்தாள். மதிப்பெண்ணைச் சொன்னதும், "முப்பத்தைந்தா? தேறத்தான் செய்தானா?" என்றாள். "நூற்றுக்கு அல்லம்மா, ஐம்பதுக்கு" என்றோம். அவள் சிரிக்கவில்லை. பிறகு கண்டதை மறையாது சொன்னோம். அவன் செய்வது சுத்தமான கைவேலை, கருத்தோடு செய்கிறான். அவன் குடிகாரன் அல்லன், இன்று அல்லன். ஆனால் அதிலும் இருப்பது அதே சாராயச் சத்துத்தான். அளவு குறைவே தவிர, பொருள் வேறன்று. நாளும் அளவின்றிக் குடிப்பவனுக்கு, அவன் அப்பாவுக்கு நேர்ந்ததே நேரும். அங்கே மேசைகளில் இருந்தோருள் அத்தகையவர் எவரேனும் இருந்தாரா என்பதை நாம் அறியோம்.

நெடுநேரம் பேசாதிருந்தாள். பின், "அவ்வளவு தானியம் வேகிறதே, சக்கையை என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டாள். மாட்டுத் தீவனத்திற்குப் போகிறது என்றோம். எங்கள் அம்மாவும் மாடு வைத்திருந்தவள்தான். "அதுவாவது வீணாகவில்லை" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவன் பணத்தை அவள் இன்றும் தொடவில்லை. ஆனால் மறுநாள் முதல் அவன் வேலைக்குப் புறப்படுகையில் அடுக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக் கொடுக்கிறாள். இக்கட்டுரையை மதுவுக்குப் பரிந்துரையாக எவரும் கொள்ளற்க. நம் பிள்ளைகள் நாம் அஞ்சும் தொழிலில் புகும்போது, நேரில் சென்று பாராமல் தீர்ப்பு எழுதுதல் தகாது. பார்த்தபின் உண்மையைக் குறைத்துச் சொல்லுதலும் தகாது. அவ்வளவே நாம் கற்றது. அடுத்த தொட்டிக்கு இரண்டு நாள் கூடுதலாகப் பொறுத்ததாக மருமகன் சொல்லியனுப்பினான். நாம் போகவில்லை, அவன் சொல்லை நம்பினோம்.