ரிச்சி தெருவில் ஒரு வால்யூம் கண்ட்ரோல்

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பியதும் "என்ன சார் பாக்குறீங்க?" என்று நாலு பேர் வழிமறிப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கீபோர்டும் மௌஸும் அங்கே கூறு கட்டி வைத்ததுபோல் குவிந்து கிடக்கும். ஜாய்ஸ்டிக் மட்டும் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், தூசியோடு. ரோடு ராஷில் பைக் ஓட்டி ஆளை உதைக்கக் கீபோர்டே போதும். விமானம் ஓட்டும் பைத்தியங்களுக்குத்தான் குச்சி தேவைப்பட்டது. நானும் அதில் ஒருவன்.

நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே பாய் உட்கார்ந்திருப்பார். கடை என்றால் ஒரு மேசை, சால்டரிங் அயன், முள் ஆடும் பழைய மல்டிமீட்டர், அவ்வளவுதான். ரேடியோ ரிப்பேரில் கை பழகியவர்.

"பாய், கையை எடுத்தாலும் பிளேன் இடது பக்கமே சாயுது."

நாலு ஸ்குரூவைக் கழற்றினார். குச்சியின் அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள். ஒன்று இடவலத்துக்கு, மற்றது முன்பின்னுக்கு. "தம்பி, இது ரேடியோ வால்யூம் கண்ட்ரோல்தான், வேற ஒண்ணுமில்ல" என்றார். எதிர்க்கடைக்குப் பையனை அனுப்பும்போது மட்டும் குரல் உயர்ந்தது: "100 கே, லீனியர். லாக் வாங்கிட்டு வந்துடாதே!" ரேடியோவில் காதின் போக்குக்கு ஏற்ப மின்தடை மெள்ள ஏறிப் பிறகு வேகமெடுக்க வேண்டும். குச்சியிலோ பாதி தூரம் என்றால் பாதித் தடை. இல்லாவிட்டால் விமானம் ஒரு பக்கம் சோம்பலாகவும் மறுபக்கம் வெறிபிடித்தும் திரும்பும்.

சவுண்ட் கார்டின் பின்னால் இருந்த 15 பின் கேம் போர்ட், 1981இல் ஐபிஎம் கொண்டுவந்த ஏற்பாட்டின் வாரிசு. அதிலுள்ள சின்னக் கெபாசிட்டர் இந்தத் தடை வழியாக மின்னேற்றம் பெறும். நிரம்ப எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் கை எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். உள்ளே கரித்தடம் தேய்ந்தால் கணக்கு பிசகும். சும்மா இருக்கும் கையும் அசைந்ததாகவே அதற்குத் தோன்றும். பல டாஸ் விளையாட்டுகள் அந்த நேரத்தை பிராசசரின் சுற்றுகளை எண்ணியே அளந்தன. அதனால் வேகமான மெஷினுக்கு மாறினால் மறுபடி காலிபரேஷன்.

வீட்டுக்கு வந்து பிளைட் சிமுலேட்டர் 98ஐத் திறந்தேன். சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட், ஏரியோரத்து ஒற்றை ஓடுதளம். விமானம் நேராக எழுந்தது. (அந்த நிஜ ஓடுதளத்தை 2003 மார்ச்சில், நகர மேயரின் உத்தரவில், ராத்திரியோடு ராத்திரியாக புல்டோசர் விட்டுக் கிழித்தார்கள். பார்த்தேயிராத ஊருக்காக வயிறு எரிந்தது.)

பிறகு யுஎஸ்பி வந்து 15 பின்னை ஓரங்கட்டியது. காந்தத்தால் இயங்கும், தேயாத ஹால் சென்சாரும் வந்துவிட்டது. ஆனாலும் பெரும்பாலான கேம்பேடுகளுக்குள் இன்றும் அதே கரித்தடம்தான். அது தேய்ந்து சும்மா இருக்கும்போதே அசைவதைப் பையன்கள் 'டிரிஃப்ட்' என்கிறார்கள். போன வருஷம் அப்படி ஒரு கேம்பேடை அதே ரிச்சி தெருவில் ஒரு கடையில் காட்டினேன். கழற்றிக்கூடப் பார்க்காமல், "புதுசு எடுத்துக்குங்க சார், இதெல்லாம் யார் பாக்குறாங்க?" என்றார்கள்.