முன்கட்டும் பின்கட்டும்

பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வங்கியில் நோட்டு எண்ணுகிறவனுக்குச் சமூகவியல் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எர்விங் காஃப்மனின் புத்தகத்தை நான் வாங்கியதே தலைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான். வங்கித் தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அன்றாட வாழ்வில் தன்னை எப்படி முன்வைத்துக்கொள்வது என்று நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு யோசனை சொல்லும் புத்தகம் என்று நினைத்து, பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய் கொடுத்து எடுத்தேன். உள்ளே ஷெட்லண்ட் தீவில் ஒரு சிறு ஓட்டல். சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவு. கதவுக்கு இந்தப்புறம் பணிவும் புன்னகையுமாக இருப்பவர்கள் அந்தப்புறம் போனதும் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். 1956இல் முதலில் வெளிவந்த அந்தப் புத்தகம் முழுக்க இந்தக் கதவைப் பற்றியதுதான் என்று கூடச் சொல்லலாம். முன்மேடை, பின்மேடை என்று அவர் பிரிப்பதை எங்கள் பக்கத்து வீடுகளில் வளர்ந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்கட்டு, பின்கட்டு என்றால் போதும்.

கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் புத்தகம் எனக்குத் திறந்துகொண்டது. கண்ணாடிக்கு முன்னால் பெயர்ப்பலகை, கைகூப்பல், கன்னத்தில் ஒட்டவைத்த சிரிப்பு. பின்னால், ரெக்கார்டு அறையில், அதே வாடிக்கையாளரின் கையெழுத்தைக் கிண்டல் செய்கிற நாங்கள். 'செர்வர் இல்லை' என்ற சொல்லை நாங்கள் செர்வர் இல்லாதபோது மட்டும்தான் பயன்படுத்துகிறோம் என்று யாரும் நம்ப வேண்டாம். வரிசையில் நிற்கும் கிழவருக்கும் அது தெரியும். தெரியாதவர் போல் உட்கார்ந்துகொள்கிறார். இதைக் காஃப்மன் நாசூக்கு என்கிறார். வேஷம் கலையாமல் காப்பாற்றுவது வேஷக்காரன் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருப்பவனும்தான். பிரபலங்களின் பிம்பத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் இந்த இரண்டாவது ஆளை மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

டேனியல் பூர்ஸ்டின், பிரசித்தி பெற்றிருப்பதற்காகவே பிரசித்தி பெற்றவன்தான் பிரபலம் என்றார். கெட்டிக்காரத்தனமான வாக்கியம். ஆனால் அதற்குள் நுழைந்து பார்த்தால் ஒரு கனவானின் எரிச்சல்தான் இருக்கிறது. லியோ லோவெந்தால் 1944இல் எழுதிய கட்டுரை இதைவிட மேலானது. அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த வாழ்க்கைச் சித்திரங்களைக் கணக்கெடுத்து, நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் நடத்தியவர்களும் அரசியல்வாதிகளும் இருந்த இடத்தில் நடிகர்களும் விளையாட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்ததைக் காட்டினார். உற்பத்தியின் நாயகர்கள் போய் நுகர்வின் நாயகர்கள் வந்தார்கள். சரி. ஆனால் நடிகனே முதலமைச்சராகவும் ஆகிவிடுகிற ஊரில் அந்தப் பட்டியலை எப்படிப் போடுவது?

எம்.ஜி.ஆரைத் தவிர்த்துவிட்டுத் தமிழில் இந்த விஷயத்தைப் பேசுவது வீண். 1936இல் 'சதி லீலாவதி'யில் ஒரு சிறு வேஷம். கதாநாயகனாவதற்குப் பதினோரு வருஷம் பிடித்தது. 1958இல் 'நாடோடி மன்னன்' படத்தைத் தானே தயாரித்து, தானே இயக்கி, இரட்டை வேஷம் போட்டபோது, தன் உருவத்தைப் பிறர் கையில் விடக்கூடாது என்பதைத் தீர்மானித்துவிட்டார் என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு செய்த காரியங்கள். தொழிலாளி, மீனவன், மாட்டுக்காரன், விவசாயி, ரிக்‌ஷாக்காரன் என்று ஒவ்வொரு ஜனமும் தன் சட்டையை அவர் மேல் பார்த்துக்கொண்டது. குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தாயை எதிர்த்துப் பேசுவதில்லை. தலை வழுக்கையைத் தொப்பியும், வயதைக் கறுப்புக் கண்ணாடியும் பார்த்துக்கொண்டன. 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் உடல் கிடத்தப்பட்டிருந்தபோதும் அவை இரண்டும் இருந்தன.

இதை வைத்து, எல்லாம் மறைப்பு என்று முடிவு கட்டிவிடலாம். ஹாலிவுட்டில் ஸ்டூடியோக்களின் விளம்பரப் பிரிவுகள் செய்தது பெரும்பாலும் அதுதான். ஆனால் 1967 ஜனவரி 12ஆம் தேதியை என்ன செய்வது? எம்.ஆர். ராதா சுட்ட குண்டு தொண்டையில் பாய்ந்தது. கழுத்தில் கட்டுடன் இருந்த படம் சுவரொட்டியாக ஊர் ஊராக ஒட்டப்பட்டது. அடுத்த மாதத் தேர்தலில் பரங்கிமலையில் ஜெயித்தார். குரல் குழறிவிட்டது. ஒரு நடிகனுக்கு, அதுவும் வசனத்தில் வாழ்ந்த ஒரு தலைமுறையின் நடிகனுக்கு, குரல் போவது என்றால் எல்லாமே போவது. அந்தக் குழறலோடேயே அவர் தொடர்ந்து நடித்தார். ஜனங்கள் அதைக் கேட்டார்கள், கேட்டும் கேட்காதவர்களானார்கள். வழுக்கையை மறைத்த அதே மனிதர் காயத்தைக் காட்டினார். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்ற தேர்வுதான் பிம்ப நிர்வாகம். அதில் பாதி வேலையைத் திரைக்கு இந்தப்புறம் இருந்தவர்கள் செய்தார்கள்.

என் அப்பா அவர்களில் ஒருவர். 1955இல் பிறந்தவர். சைக்கிள் கடை வைத்திருந்தார், மன்றத்தில் செயலாளர். 1968இல் வந்த 'ஒளி விளக்கு' படத்தைப் பதின்மூன்று வயதில் பார்த்துவிட்டு, அன்று இரவு வீட்டுக்கு வராமல் கொட்டகை வாசலிலேயே படுத்துக்கொண்டதாகப் பாட்டி சொல்வாள். அது எம்.ஜி.ஆருக்கு நூறாவது படம். அதில் ஒரு விசேஷம் உண்டு. நாயகன் திருடன், குடிக்கிறான். உடனே அவனுடைய மனசாட்சி பல எம்.ஜி.ஆர்களாகப் பிரிந்து நின்று அவனைப் பாட்டாலேயே விளாசுகிறது. குடிக்கிற எம்.ஜி.ஆரைக் குடிக்காத எம்.ஜி.ஆர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். பிம்பம் தன்னைத் தானே தண்டித்துக் காப்பாற்றிக்கொள்ளும் இப்படி ஒரு காட்சியை வேறெந்த ஊர் சினிமாவிலும் நான் பார்த்ததில்லை. 1984இல் அவர் ப்ரூக்லினில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதே படத்தில் வரும் பிரார்த்தனைப் பாட்டைத்தான் கொட்டகைகளில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வீடியோ ஊர் ஊராகப் போயிற்று. அப்பா அந்த வேன்களில் ஒன்றோடு போனவர். ஆண்டிபட்டியில் கால் வைக்காமலேயே தலைவர் ஜெயித்தார். 1987இல் அப்பா மொட்டை போட்டுக்கொண்டார். நான் அடுத்த வருஷம் பிறந்தேன்.

அப்பா குடிப்பார். எத்தனையோ நாள் யோசித்து, பிறகுதான் இந்த வாக்கியத்தை எழுதுகிறேன்.

முன்கட்டில், தெருக்கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற மாதிரி, தொப்பியும் கண்ணாடியுமாகச் சட்டம் போட்ட பெரிய படம். ஜனவரி 17 அன்று மாலை. அந்த அறையில் அப்பா பீடி கூடப் பிடித்ததில்லை. குடிப்பது பின்கட்டில், கிணற்றடியில், துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து. நடுவே கூடமும் சமையலறையும். அந்தத் தூரத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. குடித்த பிறகு முன்பக்கம் வரமாட்டார். அங்கேயே, கொட்டகைக்குள், சாக்கு விரித்துப் படுப்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு சாயங்காலம் அம்மா நாற்காலி போட்டு ஏறி அந்தப் படத்தைக் கழற்றினாள். கனமான படம். மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்தாள். "இவருக்கு முன்னால குடிங்க, பாப்பம்" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஜெயித்துவிட்டோம் என்று நானும் அம்மாவும் நினைத்தோம். பிறகு அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, படத்தின் மேல் ஒரு சுருக்கம் கூட இல்லாமல் போர்த்திவிட்டுக் குடிக்க ஆரம்பித்தார். காலையில் படம் பழைய ஆணியில் இருந்தது. கண்ணாடி துடைக்கப்பட்டிருந்தது.

கல்லூரி நாட்களில் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி 1992இல் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தேன். அது எழுதப்பட்டிருக்க வேண்டிய புத்தகம். ஏழைகளின் காவலன் என்ற பிம்பத்துக்கும் அந்த ஆட்சியின் வரவு செலவுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அளந்து காட்டியவர் அவர். வீட்டுக்கு வந்து, புதிதாகப் படித்தவனின் திமிரோடு அப்பாவை வழிமறித்தேன். 1981இல் சாராயக் கடைகளைத் திறக்க அனுமதித்தது யார் ஆட்சி? 1983இல் மது விற்க அரசே கார்ப்பரேஷன் ஆரம்பித்தது யார் ஆட்சி? அப்பா சைக்கிள் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அது கவர்மெண்ட்டுடா. வாத்தியாரு வேற" என்றார்.

அப்போது இதை ஏமாந்தவனின் பதில் என்று எடுத்துக்கொண்டேன். பாண்டியனின் சட்டத்துக்குள் அது கச்சிதமாகப் பொருந்தியது. பிம்பம் ஒரு பொறி, ஜனங்கள் அதில் அகப்பட்டவர்கள். இப்போது எனக்கு அது போதவில்லை. துண்டைப் போர்த்தியவர் ஏமாந்தவர் அல்ல. படம் படம்தான் என்பதும், துண்டு துண்டுதான் என்பதும் அவருக்குத் தெரியும். கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிற தன்னைவிட மேலான ஒரு ஆள் வீட்டுக்குள் எங்காவது இருந்தாக வேண்டும். அந்த ஆளுக்கு மரியாதை செய்கிற வரையில் தானும் முழுக்கக் கெட்டுப்போகவில்லை. இதை நான் நியாயப்படுத்தவில்லை. அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த மரியாதைக்கு அவள்தான் விலை கொடுத்தாள். அவளுக்காக அவர் ஒருநாளும் துண்டைத் தேடவில்லை. ஆனால் பிம்பத்தின் பலம் மேலேயிருந்து மட்டும் வருகிறதென்ற கணக்கில் இந்தத் துண்டுக்குப் பத்தியே கிடையாது.

ஹாலிவுட்டையும் கோடம்பாக்கத்தையும் இவ்வளவு பேசுகிறவன் தன் கதையையும் சொல்லிவிட வேண்டும். சிறுபத்திரிகைக்காரனுக்கும் பிம்பம் உண்டு. ஐந்நூறு பிரதிகளுக்குள் அடங்கிய பிம்பம், அவ்வளவுதான். புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது. வெகுஜனப் பத்திரிகையில் பெயர் வந்தால் கொஞ்சம் சங்கடப்பட வேண்டும். இந்தப் பத்திரிகையின் நண்பர்களிடம் முதன்முதலில் அறிமுகமானபோது, 'அப்பா என்ன செய்கிறார்' என்று ஒருவர் கேட்டார். "சைக்கிள் கடை. ஆனா நிறையப் படிப்பார்" என்றேன். அப்பா கட்சிப் பேப்பரைத் தவிர வேறெதையும் படித்து நான் பார்த்ததில்லை. நண்பர்கள் அந்தச் சைக்கிள் கடையை மிகவும் ரசித்தார்கள். தொழிலாளி வர்க்கம், சுயமாகப் படித்தவர், மகன் விமர்சகன். ஒரு மாலை முழுக்க நான் அதில் சுகமாக உட்கார்ந்திருந்தேன். 'ஒளி விளக்கு' படத்தை அவரோடு உட்கார்ந்து டி.வி.யில் ஏழெட்டுத் தடவை பார்த்ததையும், ஒவ்வொரு தடவையும் அந்த மனசாட்சிப் பாட்டு வரும்போது அவர் எழுந்து பின்பக்கம் போய்விடுவதையும் சொல்லவில்லை.

அப்பா 2019இல் இறந்தார். ஈரல். கடைசி மாதங்களில் கண் நன்றாக மஞ்சளாகிவிட்டது. மன்றத்துப் பழைய ஆட்கள் பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள். அண்மையில் எடுத்த படம் ஒன்றுதான் என் போனில் இருந்தது. பிளெக்ஸ் கடைப் பையன் கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணு மஞ்சளா தெரியுது. வெள்ளையாக்கிடட்டுமா?" என்றான்.

"ஆக்கிடு" என்றேன். கன்னத்தையும் கொஞ்சம் நிரவச் சொன்னேன். தோளில் துண்டு இருந்தது, அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். மேலே மூலையில் தொப்பியும் கண்ணாடியும். கீழே என்ன போடுவது என்று கேட்டபோது, மன்றத்து ஆள் ஒருவர் "ஒழுக்கத்தின் இலக்கணம்" என்று சொன்னார். நான் பிழை திருத்திக் கொடுத்தேன். 'இலக்கனம்' என்று அடித்திருந்தான்.

தெருமுனையில் அது பதினாறு நாள் நின்றது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அம்மா ஒருதரம் நின்று பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்காரு" என்று ஒருநாள் சொன்னாள். காரியம் முடிந்ததும் கழற்றி வரச் சொன்னாள். இப்போது பின்கட்டில் விறகின் மேல் மழைக்குப் போட்டிருக்கிறாள், முகம் உள்பக்கமாக இருக்கும்படி.