கலசப்பாக்கத்தில் ஒரு லாம்ப்ரெட்டா

நவீனத்துவம் நமக்கு இரவல் சரக்கு என்ற குற்றச்சாட்டு, 1959இல் ‘எழுத்து’ வரத் தொடங்கிய நாளிலிருந்தே நம்மோடு இருக்கிறது. குற்றம் சாட்டுகிறவர்களைவிட அதற்குப் பதில் சொல்கிறவர்கள்தான் எனக்கு அதிகம் அலுப்பூட்டுகிறார்கள். சங்கக் கவிதையிலேயே படிமம் இருக்கிறது, ஆகவே எஸ்ரா பவுண்ட் நமக்குப் புதியவரல்ல என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரவல் என்றால் இரவல்தான். வாங்கி வந்த பொருளை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்தான் என்பதல்லவா கேள்வி? இதை இலக்கியத்துக்கு வெளியே, எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் ஸ்கூட்டர் ஒன்றை வைத்துப் பார்க்க நினைக்கிறேன். விமர்சனப் பத்திரிகையில் ஸ்கூட்டருக்கு என்ன வேலை என்பவர்கள் அடுத்த கவிதைக்குப் போய்விடலாம்.

வண்டி லாம்ப்ரெட்டா. பெரியப்பா 1974இல் வாங்கியது. மிலான் நகரின் கிழக்கே லாம்ப்ரோ என்றொரு ஆறு. அதன் பெயரில் லாம்ப்ராத்தே என்ற பகுதி. அங்கே இரும்புக் குழாய் செய்துகொண்டிருந்த இன்னொசென்டி, யுத்தத்தில் குண்டு விழுந்து சிதைந்த தம் ஆலையில் 1947இல் ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்தார். முந்தின வருஷமே வந்துவிட்ட வெஸ்பா, விமானம் செய்த கம்பெனியின் தயாரிப்பு. அதற்குத் தகடே உடம்பு, தனியாக எலும்பு கிடையாது. லாம்ப்ரெட்டா குழாய்க்காரரின் பிள்ளை. குழாய்தான் முதுகெலும்பு, இஞ்சின் நட்டநடுவில். சாதுவான குடும்ப வண்டி என்று நினைக்க வேண்டாம். 1951இல் 125 சிசி இஞ்சின் ஒன்றுக்கு மீன் வடிவத்தில் கூடு போட்டு மணிக்கு 201 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். இத்தாலியில் எந்த இயந்திரத்துக்கும் உள்ளுக்குள் பந்தய ஆசை ஒன்று இருக்கும் போலும்.

1971இல் இத்தாலியில் உற்பத்தி நின்றது. அடுத்த வருஷம் நம் அரசாங்கம் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவை ஆரம்பித்து அந்த ஆலையின் யந்திரங்களையே விலைக்கு வாங்கி வந்தது. விஜய் சூப்பர் அப்படிப் பிறந்ததுதான். அதற்கு வெகு முன்பிருந்தே பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உரிமம் பெற்று லாம்ப்ரெட்டா செய்துவந்தது. பெரியப்பாவினுடையது பம்பாய் வண்டி. எல்ஐ 150, இரண்டாம் வரிசை. இத்தாலியில் அந்த வரிசையை 1961லேயே நிறுத்திவிட்டார்கள். அதாவது அது புத்தம் புதிதாகக் கலசப்பாக்கம் வந்து சேர்ந்தபோது, பிறந்த ஊரில் அதற்குக் கருமாதி முடிந்து 13 வருஷம் ஆகியிருந்தது. நமக்கு வந்த இஸங்களில் பலவற்றின் கதையும் இதுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

பெரியப்பா ஜவ்வாது மலையில் வாத்தியார். திங்கட்கிழமை விடியற்காலையில் போளூர் போய் அத்திமூர் வழியாக மலை ஏறுவார். வெள்ளிக்கிழமை இரவு இறங்குவார். வேகம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒரு தேவையிலிருந்துதான் இந்த வண்டியில் செய்யப்பட்ட அத்தனை மாற்றங்களும் வந்தன.

செய்தவர் போளூர் பாய். எனக்குத் தெரிந்து தமிழில் மிகத் துல்லியமான வாசகர் அவர்தான். அவர் படித்தது ஸ்பார்க் பிளக்கை. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் திராட்டிலை முழுக்கத் திருகி ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இஞ்சினை நிறுத்திவிட்டு, சூடு தணியுமுன் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வழியில் மெதுவாக ஓட்டி வந்து கழற்றினால் அது வேறு கதை சொல்லும். கறுத்து மசி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கும். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வந்தால் சரி. பாயிண்ட் திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க அவரிடம் மீட்டர் எதுவும் கிடையாது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்டுகளுக்கு இடையில் செருகி, ஃபிளைவீலைக் கையால் மெல்லத் திருப்புவார். தாள் விடுபடும் கணம்தான் பொறி விழும் கணம். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். ஜெட்டை மாற்றினால் பாயிண்டைத் தொடமாட்டார். ஒரே வரியில் நான்கு சொற்களை அடித்துத் திருத்திவிட்டு எதனால் கவிதை கெட்டது என்று தெரியாமல் விழிக்கும் நம் நண்பர்கள் அவர் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கலாம்.

தொண்ணூறுகளில் பழைய கார்புரேட்டர் தேய்ந்து, ஸ்லைடு ஆட்டம் கண்டபோது, அதே மாதிரி ஒன்று தேடி அவர் புதுப்பேட்டைக்கு அலையவில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100இன் மிகுனி கார்புரேட்டரை எடுத்தார். அந்த வண்டி 1985இலிருந்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெட் எந்தக் கடையிலும் கிடைக்கும். வாய் பொருந்தவில்லை. போளூர் லேத்தில் அலுமினியக் கட்டி ஒன்றைக் கடைந்து இணைப்பு செய்தார். 57 மில்லிமீட்டர் சிலிண்டரும் நான்கு முறை போர் செய்து இப்போது 58ஐ நெருங்கிவிட்டது. ஆக வரைபடம் மிலான், வார்ப்பு பம்பாய், கார்புரேட்டர் ஜப்பான், இடையில் போளூர் அலுமினியம். எந்த இடத்தில் கைவைத்து இது இத்தாலிய வண்டி என்று சொல்வது?

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 100 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. மெலிந்த காற்றுக்குப் பழைய அளவிலேயே பெட்ரோல் போனால் கலவை தடித்து வண்டி திணறும். காவலூர் வானாய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கலசப்பாக்கத்தைவிட 500 மீட்டருக்கு மேல். ஆகவே மலைக்கு ஒரு ஜெட், சமவெளிக்கு ஒரு ஜெட் வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. ஆனால் வெப்பமும் காற்றை மெலிய வைக்கிறது. 3 டிகிரிக்கு சுமார் 1 சதவீதம். சித்திரை மாதம் செய்யாற்று மணல் கொதிக்கும்போது இங்கே 40 டிகிரி. அதே மாதம் மலைமேல் விடியலில் 22, 23. உயரத்தில் இழந்ததைக் குளிர்ச்சியில் திரும்பப் பெற்றுவிடுகிறோம். கலசப்பாக்கத்தின் நடுப்பகலுக்குப் பொருந்திய ஜெட் ஜமுனாமரத்தூரின் அதிகாலைக்கும் ஏறக்குறைய பொருந்தும்! மாறாக, மார்கழி இரவில் இங்கே சமவெளியிலேயே அது போதாமல் போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது நான், பாய் போடவில்லை. பெரியப்பா கிளம்புவதும் இறங்குவதும் எந்த நேரம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அந்த ஒரு ஜெட்டைப் போட்டிருந்தார்.

எனக்கு 22 வயதிருக்கும்போது, எக்ஸாஸ்ட் போர்ட்டை அரத்தால் ராவி உயர்த்தித் தரும்படி அவரிடம் கேட்டேன். சோழவரம் கதைகள் எனக்குள் ஏறியிருந்த காலம். யுத்தகால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் நான் பிறக்குமுன்பே முடிந்துவிட்டன. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே தனி ஓடுபாதையே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து ராஜ்தூத் 350ஐயும் புல்லட்டையும் பிரித்துக் கோத்து அங்கே கொண்டுபோன மனிதர்களைப் பற்றி மெக்கானிக் கடைகளில் இன்னும் பேச்சு உண்டு. பாய் அரத்தை எடுக்கவில்லை.

‘‘மல ஏறணுமா, ரேஸ் ஓடணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி’’ என்றார்.

போர்ட்டை உயர்த்தினால் மேல் வேகத்தில் பலம் கூடும். அடி இழுவை போய்விடும். கொண்டை ஊசியில் வேண்டியது அடி இழுவை. நன்றாகத் தீட்டப்பட்ட இயந்திரம் என்று பொதுவாக ஒன்று இல்லை. இந்தப் பாதைக்குத் தீட்டப்பட்டது, அந்தப் பாதைக்குத் தீட்டப்பட்டது என்றுதான் உண்டு. மரினெட்டி 1909 பிப்ரவரியில் பாரிஸ் பத்திரிகையில் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டு, பந்தயக் காரைக் கிரேக்கச் சிற்பத்துக்கு மேலே தூக்கி வைத்தார். அதே அறிக்கையில் அவருடைய கார் சாக்கடைப் பள்ளத்தில் கவிழ்கிறது. மீனவர்கள் வந்து தூக்கிவிடுகிறார்கள். நம்மவர்கள் காரை மேற்கோள் காட்டுகிறார்களே ஒழிய மீனவர்களை விட்டுவிடுகிறார்கள்.

பாய் 2019இல் கடையை மூடினார். பார்வை மங்கிவிட்டது. இப்போது வண்டியை நான்தான் தாழ்வாரத்தில் பிரிக்கிறேன். சந்தேகம் வந்தால் போனில் கூப்பிட்டு, சைலென்சர் பக்கம் போனை வைத்துப் பிடிப்பேன். ‘‘இருமுது’’ என்பார், அல்லது ‘‘அடைக்குது’’ என்பார்.

இனி தகராறு. வண்டி என்னுடையதல்ல. பெரியப்பா காலமான பிறகு அது சென்னையில் இருக்கும் அண்ணனுக்குச் சொந்தம். ஆர்சி புத்தகமும் அவரிடம். 2021இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: பதிவாகி 50 வருஷம் தாண்டிய, பழைய உருவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனி எண்ணில் பதியலாம். சேஸிலோ உடம்பிலோ இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று வெளியே எடுக்கலாம். 2024இல் நம் வண்டிக்கு 50 நிறைந்தது. அண்ணன் இரட்டை வர்ணம் அடித்து, மிகுனியைக் கழற்றி எறிந்துவிட்டு, இத்தாலிய டெல்லோர்ட்டோ கார்புரேட்டரை எங்கிருந்தாவது வரவழைத்துப் பூட்ட விரும்புகிறார். கல்யாண ஜோடிகளைப் போட்டோ எடுக்கிறவர்கள் இம்மாதிரி வண்டிகளை வாடகைக்குக் கேட்கிறார்களாம். சட்டமும் அவர் பக்கம்தான் சாய்கிறது. தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

பெர்சிக்கின் புத்தகம் வந்ததும் 1974இல்தான். அதில் ஒரு நண்பர் வருகிறார். அவருடைய பிஎம்டபிள்யூவின் தளர்ந்த கைப்பிடியைப் பீர் டின் தகடு ஒரு துண்டு வெட்டிச் செருகி இறுக்கிவிடலாம் என்று கதைசொல்லி சொல்ல, அவர் முகம் சுளித்துவிடுவார். உயர்ந்த ஜெர்மன் இயந்திரத்தில் பீர் டின்னா! அண்ணனுக்குப் போளூர் அலுமினியம் அந்தப் பீர் டின். அவரை நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் வண்டியை அவர் வாங்கிய நாளில் இருந்தபடியே பார்க்க ஆசைப்படுகிறார். ஆனால் பெரியப்பா 20 வருஷத்துக்கு மேல் மலை ஏறியது அப்படி இருந்த வண்டியில் அல்ல. மாற்றங்களைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது 1974இல் ஒரு ஷோரூமில் நின்ற வண்டி. அதில் பெரியப்பா இன்னும் ஏறி உட்காரவில்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். ‘‘நீ பத்திரிகைல எழுதற மாதிரி பேசாதடா’’ என்றார். நியாயம்தான். எழுதிவிட்டேன்.

அண்ணனைவிடப் பெரிய எதிரி இப்போது பெட்ரோல். 2025இலிருந்து நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் வருகிறது. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டில் வண்டி காற்று அதிகமாகி ஓடுகிறது, சூடேறுகிறது. டேங்க் குழாயின் கார்க் இற்றுவிட்டது, ரப்பர் டியூப் ஊதிப்போயிற்று. லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதம் ஓட்டாமல் விட்டால், எத்தனால் ஈரத்தை உறிஞ்சி அடியில் தங்குகிறது. ஓடாமல் நிறுத்தி வைப்பதுதான் இனி வண்டிக்கு மிகவும் கெடுதல் என்று அண்ணனுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. இதைக் கொஞ்சம் யோசித்தார்.

எனக்கு உறுத்துவது வேறு. பிளக்கைப் படிக்க முடியவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றபோதே நிறங்கள் கொஞ்சம் மாறின என்று பாய் சொல்லியிருக்கிறார். எத்தனால் இன்னும் சுத்தமாக எரிகிறது. பிளக்கில் படிவது குறைவு. கலவை சரியாக இருக்கும்போதும் வெளுப்பாகவே இருக்கிறது. காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை ஜெட்டை ஏற்றிக்கொண்டே போனால் வண்டி மூச்சுத் திணறும். பாய் 40 வருஷம் படித்த எழுத்து இந்தப் பெட்ரோலில் இல்லை. இனிக் காதும், சிலிண்டர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது எவ்வளவு வேகமாகத் துள்ளுகிறது என்பதும், ஏற்றத்தில் இழுவையும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றினேன். அத்திமூர் தாண்டி மூன்றாவது வளைவில் நிறுத்தி, இஞ்சினை ஐடிலில் விட்டுப் பாய்க்குப் போன் போட்டேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

‘‘இது எனக்குப் புது சத்தம் தம்பி’’ என்றார். ‘‘இன்னும் ஒரு நம்பர் ஏத்திப் பாரு. வேற எதயும் தொடாத.’’

அந்த ஜெட் கலசப்பாக்கத்தில் கிடைக்கவில்லை. திருவண்ணாமலையில் சொல்லி வைத்திருக்கிறேன்.