மூன்று பிளக்கும் ஒரு சந்தேகமும்

2009-ஆம் வருடம். ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. என்னிடம் இருந்தது பழைய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மனைவியின் கண் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்வர வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்ட எனக்குத் தைரியம் போதாது. தெருக்கோடியில் இருந்த ஒரு தம்பியை ஆக்டிங் டிரைவராகக் கூப்பிட்டுக்கொள்வேன்.

கணக்கு எழுதும் புத்தி என்னை விடவில்லை. புறப்படும்போது டேங்கை நிரப்புவேன். திரும்பியதும் அதே பங்கில் மறுபடி நிரப்புவேன். போகவர 320 கி.மீ.க்கு 20 லிட்டர் பிடிக்கும். அந்தத் தை மாதம் 23 பிடித்தது. மாசியில் 26. ஆறு லிட்டர் எங்கே போயிற்று?

"சார், சைலன்சர் வாயெல்லாம் கரியா இருக்கு. மெக்கானிக்கிட்ட ஒரு தரம் காட்டிருங்க" என்றான் அவன். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் நாலைந்து மணி நேரம் இருக்கும்போது வண்டி அவன் பொறுப்பில்தானே இருக்கிறது?

பங்குனியில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் பார்த்து, அவன் கண்ணெதிரே டைரியில் குறித்தேன். வெளியே வந்ததும் மறுபடி பார்த்தேன். இரண்டும் அப்படியே இருந்தன. அவன் ஒன்றும் பேசவில்லை. ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை. அடுத்த மாதம் கூப்பிட்டபோது, "வேற ஓட்டம் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் முதலில் போய் நின்றது சைலன்சர் பக்கம். விரலை விட்டு எடுத்தார், அடுப்புக்கரி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். நல்ல பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருக்குமாம். மூன்றும் காய்ந்த மைபோலக் கறுத்திருந்தன.

"ஒண்ணு மட்டும் கறுத்திருந்தா அந்தப் பிளக்குலயோ வயர்லயோ கோளாறு. மூணும் ஒண்ணுபோல இருந்தா, மூணுக்கும் சேத்துக் கலவை குடுக்கிற இடத்துலதான் சார் பாக்கணும்."

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும். அதுதான் கரியாகவும் நாற்றமாகவும் வெளியே வருகிறது. அண்ணாச்சி ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார், தூசி அதிகம் இல்லை. ஃப்ளோட் ஊசியில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு கார்புரேட்டர் வாயைக் காட்டினார். டேஷ்போர்டில் சோக் குமிழ் முழுசாக உள்ளே போயிருந்தது. ஆனால் இங்கே சோக் தகடு பாதி மூடியபடியே நின்றது. கேபிள் உள்ளே துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப மட்டும் இரண்டு நிமிடம் மூட வேண்டிய தகடு, மதுரை வரை காற்றை மறித்துக்கொண்டே போயிருக்கிறது.

தினமும் காலையில் சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பி வைப்பது நான்தான். அந்தக் கேபிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை.

கேபிளை மாற்றினார். ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று ஆயிலையும் மாற்றச் சொன்னார். மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவி இறங்குமாம். அப்படியே ஓட்டியிருந்தால் இன்ஜின் தேய்ந்திருக்கும்.

அடுத்த மதுரைப் பயணத்துக்கு வேறு ஆள் வந்தார். 20 லிட்டர்தான் பிடித்தது. மறுநாள் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, "தப்பு என்மேலதான்ப்பா" என்றேன். அவன் அம்மா காப்பி கொடுத்தார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: "இப்ப எவ்வளவு குடுக்குது சார்?"

"பதினாறு."

"அப்ப சரி சார்."

அதன்பிறகும் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்வான். ஆனால் என் வண்டியை ஓட்ட வரவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மைலேஜ் குறைந்தால் சைலன்சர் வாயைப் பாருங்கள். கரி இல்லையென்றால் டயர் காற்றையும் பிரேக் பிடிப்பையும் பாருங்கள். கரி இருந்தால் பிளக்கைக் கழற்றுங்கள். ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதையெல்லாம் செய்துவிடுங்கள்.