தாபான் மரமும் இரண்டு மருத்துவர்களும்

ஜொகூர் பாரு, மார்ச் 4
பல்லுக்கு வேர் சிகிச்சை. நரம்பை எடுத்த குழிக்குள் டாக்டர் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய குச்சியைச் செருகினார். என்ன அது என்று கேட்டேன். "கட்டாபெர்ச்சா, மரப்பால்" என்றார். தாபான் மரத்துப் பால்! ஒரு காலத்தில் ஜொகூர்க் காட்டின் பெயர்பெற்ற சரக்கு.

மார்ச் 5
தாபான் பாலின் கதையைத் தேடி ஜோசே த அல்மெய்டாவைப் பற்றிப் படித்தேன். 1784இல் போர்ச்சுகலில் பிறந்த கப்பல் மருத்துவர். 1825இல் சிங்கப்பூருக்கு வந்து மருந்தகம் வைத்தார், பிறகு பெரிய வணிகரானார். பருத்தி போட்டுப் பார்த்தார், கைகூடவில்லை. 1843இல் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் இந்தப் பாலைக் காட்டினார். வில்லியம் மாண்ட்கோமெரி என்ற இன்னொரு மருத்துவரும் அப்போதே மாதிரிகள் அனுப்பினார். மலாய்க்காரர்கள் பாராங் கத்தியின் கைப்பிடிக்கு வைத்திருந்த பொருள் அது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது. அதனால் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையானது: 1851இல் டோவர்–கலே, 1866இல் அட்லாண்டிக், 1870களின் தொடக்கத்தில் மதராஸ்–பினாங்கு–சிங்கப்பூர்.

மார்ச் 7
அல்மெய்டாவைப் போலவே வணிகத்துக்குப் போன கனடாவின் ஜான் மெக்லாக்லினும் 1784இல் பிறந்த மருத்துவர்தான். அவரும் 1825இல்தான் வான்கூவர் கோட்டையில் ஹட்சன் பே கம்பெனியின் தோல் வணிகத் தலைவராக அமர்ந்தார். ஐரோப்பியத் தொப்பிக்காகப் பீவர் என்ற விலங்கு செத்தது. அமெரிக்கர்கள் நுழையாமலிருக்க ஸ்னேக் ஆற்றுப் பக்கம் பீவரையே துடைத்தெடுக்கச் சொன்னது கம்பெனி. பசியோடு வந்த குடியேறிகளுக்குக் கடனுக்கு உணவும் விதையும் கொடுத்தவரும் இவரே. கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை, 1846இல் விலகினார். மனிதர்களிடம் அவர் காட்டிய இரக்கத்தை மதிக்கிறேன். பீவருக்கு அதில் பங்கில்லை.

மார்ச் 8
மீண்டும் தாபான். இன்று முழுக்க ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம். சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்துகொண்டே ஜொகூரின் தாபான் பால் வணிகத்தைக் கைக்குள் வைத்தார். சிங்கப்பூர் வணிகர்கள் புலம்பினார்கள். அவர் குடும்பத்தின் எழுச்சிக்கு அந்தப் பணம் பெரிய முதல். 1855இல் தஞ்சோங் புத்ரி எழுந்தது, 1866இல் ஜொகூர் பாரு ஆனது. நம் தாத்தா பாட்டி ரப்பர் மரத்தைச் சீவினார்கள், மரம் பிழைத்தது. தாபானையோ வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். ஒரு மரத்துக்கு ஒரு கிலோகூடத் தேறாது. சில பத்தாண்டுகளில் காட்டில் தாபான் அரிதானது.

மருத்துவர்கள் மட்டும் காரணமில்லை. விலை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் பங்குண்டு. பள்ளிகளில் ரப்பரின் கதையைச் சொல்லும் ஆசிரியர்களே, தாபானின் கதையையும் சொல்லுங்கள். தோட்டத்தில் ஒரு கன்றும் நடுங்கள்.