'வெரி மச்' நம்ம ஆளு

'யூ ஆர் பார்ட் ஆஃப் தி டீம்' என்பது ஒரு வாக்கியம். 'யூ ஆர் வெரி மச் எ பார்ட் ஆஃப் தி டீம்' என்பது இன்னொன்று. இரண்டாவதில் அழுத்தம் கூடுதல், அன்பும் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்டு வராத ஒரு சந்தேகம் இரண்டாவதைக் கேட்டதும் வந்துவிடுகிறது. 'சரி, யாரோ நான் டீம்ல இல்லைன்னு சொல்லியிருக்காங்க.'

இந்தச் சந்தேகத்துக்கு இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'வெரி' கூடிக் குறையும் விஷயங்களோடு சேர்கிற சொல். வெரி டால், வெரி ஹாட், வெரி ஹேப்பி. 'வெரி எ பார்ட்' என்று யாரும் சொல்வதில்லை; நடுவில் ஒரு 'மச்' வந்து கைகொடுத்தால்தான் வாக்கியம் நிற்கும். காரணம், ஒன்றின் பகுதியாக இருப்பது உயரம் போலவோ சூடு போலவோ அளக்கக்கூடியதாகத் தோன்றுவதில்லை. இருக்கிறோம் அல்லது இல்லை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் 'வெரி மச்' வந்து உட்கார்ந்ததுமே அதுவும் அளக்கிற பொருளாகிவிடுகிறது. அளக்க முடியும் என்றால் குறையவும் முடியும்.

'மெம்பர்' என்ற சொல்லின் வேர் லத்தீன். அங்கே அதற்குக் கை, கால் போன்ற உடலுறுப்பு என்று பொருள். நாமும் உறுப்பினர் என்கிறோம், அங்கத்தினர் என்கிறோம். இரண்டு மொழிகளும் உடம்பைப் பார்த்துத்தான் இந்த உறவுக்குப் பெயர் வைத்திருக்கின்றன. ஆனால் 'என் கட்டைவிரல் ரொம்பவே என் உடம்போட பகுதி' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சொன்னால், விரலுக்கு என்னாச்சுன்னு பதறுவோம்.

நாடுகளுக்கும் இதே கதைதான். லண்டன் இங்கிலாந்தில் இருக்கிறது என்பதற்கு யாரும் அடைமொழி சேர்ப்பதில்லை. 1921-ல் அயர்லாந்தைப் பிரித்து உருவாக்கிய வடக்கு அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தின் பகுதி என்று சொல்லும்போதுதான் 'வெரி மச்', 'ஃபுல்லி', 'ஸ்டில்' எல்லாம் தேவைப்படுகின்றன. அருணாசலப் பிரதேசத்துக்குச் சீனா உரிமை கோரும்போதெல்லாம் நமது வெளியுறவு அமைச்சகம், அது இந்தியாவின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தது, இருக்கிறது, எப்போதும் இருக்கும் என்ற பொருளில் அறிக்கை விடுகிறது. மூன்று காலமும், மேலே ஒரு 'எப்போதும்'. நாமக்கல்லைப் பற்றி அப்படி ஓர் அறிக்கை வந்ததே இல்லை. நாமக்கல்லுக்கு அது தேவையில்லை. எங்கே சண்டை இருக்கிறதோ அங்கேதான் இந்தச் சொற்களுக்கு வேலை.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் தேடிக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மெயில் கற்றுக்கொடுத்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தேன். எங்கள் சம்பளம் வேறொரு ஏஜென்சி வழியாக வரும். ஆஃப் ரோல் என்பார்கள். அதே தளம், அதே மீட்டிங், அதே ராத்திரி வேலை. கழுத்துப் பட்டையின் நிறம் மட்டும் வேறு, அவங்களுக்கு நீலம், எங்களுக்கு ஆரஞ்சு. அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்று ஆனபோது கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டு எழுதினேன். வந்த பதிலில் ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே மனப்பாடமாகிவிட்டது. டெக்னிக்கலி நீங்கள் எங்கள் ரோலில் இல்லை, ஆனால் யூ ஆர் வெரி மச் எ பார்ட் ஆஃப் தி ஃபேமிலி.

ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்கள். ஒன்று கதவைச் சாத்துகிறது, இன்னொன்று ஜன்னல் வழியாகக் கையாட்டுகிறது. எழுதியவர் கெட்டவர் இல்லை. கதவு சாத்தியிருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்ததால்தான் அந்த 'வெரி மச்'சே வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி பில் கவுன்டரில் 'வெரி மச்'சை வாங்கமாட்டாங்க. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினோம்.

அதற்குப் பிறகு இந்தச் சொற்களைப் பொறுக்குவது பழக்கமாகிவிட்டது. 'டெக்னிக்கலி ஒன் ஆஃப் அஸ்' என்றால் காகிதத்தில் உண்டு, மனசில் இல்லை. 'ப்ராக்டிக்கலி ஒன் ஆஃப் அஸ்' என்றால் மனசில் உண்டு, காகிதத்தில் இல்லை. இரண்டுமே 'ஆம்' என்றுதான் சொல்கின்றன, இரண்டிலுமே பாதி காணோம். 'ஆல்மோஸ்ட்' நேர்மையானது, வாசல்வரைதான் என்று சொல்லிவிடுகிறது. 'ஸ்டில்' என்ற சொல் கிளம்பிப் போனவர்களுக்கு, 'ஆல்வேஸ்' கிளம்பப் போகிறவர்களுக்கு. என் கடைசி நாளில் கேக் வெட்டி, 'யூ வில் ஆல்வேஸ் பி எ பார்ட் ஆஃப் திஸ் டீம்' என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் டீமின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கியிருந்தார்கள்.

ஆங்கிலக்காரர்களின் பாசாங்கு இது என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. நம்மிடம் 'மாதிரி' இருக்கிறது, 'தான்' இருக்கிறது, 'உம்' இருக்கிறது. 'நீ நம்ம ஆளு' என்பதற்கும் 'நீயும் நம்ம ஆளுதான்' என்பதற்கும் நடுவே ஒரு தெருவே ஓடுகிறது. 'நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க' என்று விருந்தாளியிடம்தான் சொல்கிறோம். 'எங்க வீட்டு மனுஷி மாதிரி' என்று சொல்லப்படுகிற வேலைக்கார அம்மாவுக்கு எத்தனை வீடுகளில் தனி டம்ளர் இருக்கிறது!

என் அக்கா காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். வேறு சாதி. அவளுடைய மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், 'மருமகளா நெனக்கல, மகளாத்தான் நெனக்கிறோம்' என்பார். மனசாரத்தான் சொன்னார். அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அவங்க சொந்த மகளை யாருகிட்டயாவது 'மகளாத்தான் நெனக்கிறேன்'னு சொல்லியிருக்காங்களாடி?"

ஆனால் தமிழில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தின் 'வீ' கேட்பவரைச் சேர்க்கிறதா விடுகிறதா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தெரியாது. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'நாம' கேட்கிறவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 'நாங்க' அவரை வெளியே நிறுத்தும். மரியாதைக்காக யாரிடமும் 'நாம' என்று சொல்லிவிடலாம், மேடையில் தினமும் நடப்பதுதான். 'நாங்க' அப்படியில்லை. அது தனக்குள்ளே யார் யார் என்று யோசித்துப் பேசுகிற சொல் இல்லை, தானாக வந்து விழுவது.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தேன். மாமியார் ஹாலில் உட்கார்ந்து ஊரிலிருக்கும் தன் அண்ணனோடு போனில் சண்டை. ஏதோ சொத்து விவகாரம், இரண்டு பக்கமும் குரல் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு உங்க காசு வேண்டாண்ணே. நாங்க நாலு பேரும் கஞ்சி குடிச்சாவது இருந்துக்குவோம்," என்றார் மாமியார்.

அந்த வீட்டில் மாமனார், மாமியார், அத்தான், அக்கா. நான் விரல்விட்டு எண்ணினேன். சமையலறையைப் பார்த்தேன். அக்காவும் கரண்டியைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது.