சுங்கம் திரும்பும் வழி

சுங்கத்தை நீக்கிய மன்னனை வரலாறு மறப்பதில்லை. முதலாம் குலோத்துங்கனை 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டத்தோடுதான் இன்றும் அறிகிறோம். முறையின்றி வாங்கிய சுங்கத்தைத் திருப்பித் தருவதோ முற்றிலும் வேறு காரியம். தவிர்க்க ஓர் ஆணை போதும். திருப்ப வேண்டுமானால், அந்தப் பணம் உண்மையில் யாருடையது என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

நியூயார்க் துறைமுகத்தின் சுங்க வசூல் அதிகாரியாக இருந்தவர் சாமுவேல் ஸ்வார்ட்வவுட். பருத்திக் கரையிட்ட கம்பளிச் சால்வைகளுக்குக் கூடுதல் சுங்கம் வாங்கியதாக அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்திய பணத்துக்கு அதிகாரியே சொந்தப் பொறுப்பு என்று 1836இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருப்பித் தர நேரிடலாம் என்று சொல்லி வசூலைக் கையில் வைத்துக்கொள்ள அதிகாரிகளுக்கு அது வசதியாயிற்று. 1838இல் ஸ்வார்ட்வவுட் ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டார். கணக்கில் 12 லட்சம் டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. வசூலை உடனே கருவூலத்தில் கட்ட வேண்டும் என்று 1839இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின் அதிகாரிமீது வழக்கே தொடுக்க முடியாது என்று 1845இல் அதே நீதிமன்றம் கூறிற்று. திருடனுக்குப் போட்ட பூட்டு உரிமையாளனையும் வெளியே நிறுத்தியது எனலாம். அவ்வாண்டே நாடாளுமன்றம் அவ்வுரிமையை மீட்டுக் கொடுத்தது.

நம் நாட்டில் இக்கேள்வி இன்னும் ஆழமாகக் கேட்கப்பட்டது. தவறுதலாகச் செலுத்திய வரியை அரசு திருப்பித் தர வேண்டும் என்பது 1958இல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்ற நிலை. 1991இல் சட்டம் திருத்தப்பட்டது. வரியின் சுமையை வணிகர் விலையில் ஏற்றி வாங்குவோர் தலையில் இறக்கிவிட்டார் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. மெய்ப்பிக்காவிட்டால் தொகை நுகர்வோர் நல நிதிக்குப் போகும். மஃபத்லால் வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 1996 டிசம்பரில், பெரும்பான்மைத் தீர்ப்பாக, இதை உறுதி செய்தது. வரிவிதிப்பே அரசியல் சாசனத்துக்கு முரணானதென்று தள்ளப்பட்டாலும், சுமையைத் தானே தாங்கியதாக வணிகர் காட்டியாக வேண்டும் என்றது.

இத்தீர்ப்பை நண்பர்களாகச் சேர்ந்து வாசித்தபோது நாம் இரு கட்சிகளாகப் பிரிந்தோம். விலையில் ஒருமுறை வசூலித்தவர் அரசிடமும் வாங்கினால் அது இரட்டை ஆதாயம் என்றது ஒரு கட்சி. பணம் வராது என்று தெரிந்தால் எந்த வணிகர் செலவு செய்து வழக்காடுவார், முறையற்ற வரியை யார் தட்டிக் கேட்பார் என்றது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், நம் மனம் ஒப்பாத இடம் வேறு. முறையற்ற செல்வம் என்ற குற்றச்சாட்டு அரசுக்குப் பொருந்தாது, ஏனெனில் அரசு என்பது மக்களே என்பது பெரும்பான்மையின் வாதம். சட்டத்தை மீறியவரின் கையிலேயே மீறலின் பலன் தங்குமானால், அடுத்த மீறலுக்குத் தடை ஏது?

பொருளை வாங்கியவரும், சுமையைப் பிறர்மேல் ஏற்றாதவராயின், பணத்தைக் கேட்கலாம் என்கிறது சுங்கச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. எழுத்தில் அது நமக்கான கதவு. கடையில் ஒரு வெளிநாட்டுக் கைக்கடிகாரத்தை வாங்கியவர் எந்தச் சீட்டைக் காட்டி அக்கதவைத் தட்டுவார்? துறைமுகத்தில் கட்டிய சுங்கம், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று கைமாறி வரும்போதே விலைக்குள் கரைந்துவிடுகிறது. அவருடைய ரசீதில் அதற்குத் தனி வரி கிடையாது.

வணிகருக்குக் கணக்குப் புத்தகம் சாட்சி. அரசுக்குக் கருவூலப் பதிவேடு சாட்சி. சுமையை இறுதியில் தாங்கிய மனிதருக்கு மட்டும் சாட்சியில்லை. ஆகவே, சட்டவிரோதச் சுங்கத்துக்கு முழுமையான பரிகாரம் திருப்பித் தருவதில் இல்லை, வாங்குவதற்கு முன்பே அதிகாரத்தின் எல்லையைக் கேட்பதில்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அதுவரை நுகர்வோர் நல நிதி, முகவரி தெரியாதவர்களின் பெயரில் திறந்திருக்கும் ஒரு கணக்கு. அது எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமையாவது நமக்கு உண்டு.